மூன்று நிமிட மேட்ச், ஆடுவதற்கு ஆளே இல்லை: 'வர்ச்சுவல் ஃபுட்பால்' பந்தயம் எப்படி வேலை செய்கிறது?

ஆஸ்டின் டவுன்காரர்களுக்கு ஃபுட்பால் பற்றி யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. நந்தன் கிரவுண்டைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு எந்த விங்கர் இடது காலால் உள்ளே வெட்டுவான், எந்த கோல்கீப்பர் கிராஸுக்கு வெளியே வரத் தயங்குவான் என்பது பார்த்ததும் தெரியும். கொஞ்ச தூரத்தில் அசோக்நகர் ஃபுட்பால் ஸ்டேடியம். 2013-14இல் பெங்களூரு எஃப்சி தன் முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம் வென்றபோது அதுதான் அந்த அணியின் சொந்த மைதானம். இன்னும் பின்னால் போனால், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமனும் பெங்களூர்காரர்தான்.

அந்த அறிவை நம்பித்தான் இப்போது ஒரு வியாபாரம் உங்கள் போனுக்குள் வருகிறது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலோ டெலிகிராம் குரூப்பிலோ ஒரு லிங்க் வரும். திறந்தால் பச்சை மைதானம், ஜெர்சி போட்ட வீரர்கள், பாயின்ட்ஸ் டேபிள், கடைசி ஐந்து மேட்ச் ஃபார்ம், கமென்டரி எல்லாம் இருக்கும். மேட்ச் மூன்று நிமிடத்தில் முடியும், அடுத்தது உடனே தொடங்கும். ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடும், தீபாவளி அன்றைக்கும் ஓடும். "ஃபுட்பால்தானே மச்சா, நமக்குத் தெரியாததா?" என்று கை தானாக யுபிஐ பக்கம் போகும்.

ஆனால் அந்த மேட்ச்சை யாரும் ஆடுவதில்லை. அதனால் உங்கள் ஃபுட்பால் அறிவுக்கு அங்கே மதிப்பே கிடையாது. அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், 'கம்ப்யூட்டர் ஃபுட்பால்' என்றால் எது?

இந்தப் பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் சுற்றுகின்றன. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, ஈ-ஸ்போர்ட்ஸ். இரண்டு மனிதர்கள் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' மாதிரி ஒரு கேமை ஆடுகிறார்கள். திறமை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. அதன்மேல் பந்தயம் கட்டுவது தனி விஷயம்.

இரண்டு, நிஜ அணிகளின் தரவை வைத்து ஒரு மென்பொருள் முழு மேட்ச்சையும் கற்பனையாக ஆடிக் காட்டுவது. 2020இல் கொரோனாவால் உலகமெங்கும் லீக்குகள் நின்றபோது இந்த வகை வேகமாகப் பரவியது.

மூன்று, 'வர்ச்சுவல் ஃபுட்பால்'. கற்பனை அணிகள், சில நிமிட மேட்ச், நாள் முழுக்க வரிசையாக ஓடும். முடிவைத் தீர்மானிப்பது ஆர்என்ஜி எனப்படும் ரேண்டம் எண் உருவாக்கி, அதாவது குலுக்கல் எண் தரும் ஒரு புரோகிராம். இந்தக் கட்டுரை இந்த மூன்றாவது வகையைப் பற்றியது. போன் பந்தய ஆப்களில் 'வர்ச்சுவல்ஸ்' என்ற டேபின் கீழ் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

கோல் எங்கே விழுகிறது?

சர்வரில் விழுகிறது. நீங்கள் பார்க்கும் திரையில் அல்ல.

ஒவ்வொரு கற்பனை அணிக்கும் ஒரு பலம் எண்ணாகக் கொடுக்கப்பட்டிருக்கும். இந்த மேட்ச்சில் 'ஏ' அணி சராசரியாக 1.5 கோல் அடிக்கும், 'பி' அணி 1 கோல் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண் போதும். சராசரி 1.5 என்றால் கோலே இல்லாமல் முடிய எவ்வளவு வாய்ப்பு, ஒரு கோலுக்கு எவ்வளவு, இரண்டுக்கு எவ்வளவு என்று 'பாய்சான்' என்ற பழைய கணித முறையில் ஒரு பட்டியல் போட்டுவிடலாம். இஞ்சினியரிங் மூன்றாவது செமஸ்டர் ஞாபகம் இருந்தால், அதே பாய்சான்தான்.

பிறகு ஆர்என்ஜி ஒரு எண்ணைத் தரும். அந்த எண் பட்டியலில் எந்த இடத்தில் விழுகிறதோ, அதுதான் ஸ்கோர். ஒவ்வொரு கம்பெனியும் இந்த மாடலில் சில மாற்றங்கள் செய்யலாம், அடிப்படை இதுதான். ஸ்கோர் கிடைத்த பிறகுதான் அதற்குப் பொருத்தமான வீடியோ வரும். பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பும், நீங்கள் "ச்சே!" என்று கத்துவீர்கள். அந்த ஷாட் உள்ளே போயிருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது. போஸ்ட்டில் பட்டது வெறும் படம்.

அந்தப் படம் சும்மா வருவதும் இல்லை. மயிரிழையில் தவறும் தோல்விகளைப் பற்றி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அப்படித் தவறும்போது மனசு வலித்தாலும், திரும்ப ஆட வேண்டும் என்ற ஆசை கூடுவதை அவர்கள் கண்டார்கள். அதுவும் எப்போது? ஆடுபவர் தானே தேர்வு செய்யும்போதுதான். 'ஏ அணி ஜெயிக்கும்' என்று நீங்களே பட்டனை அழுத்துவது அந்த மாதிரித் தேர்வுதான்.

ஆட்ஸ் என்றால் என்ன? கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு திரும்ப வரும் என்பதே ஆட்ஸ். 1.85 என்றால் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 185 ரூபாய் கைக்கு வரும்.

மேலே சொன்ன மேட்ச்சையே எடுத்துக்கொள்வோம். 1.5 கோல் அணிக்கும் 1 கோல் அணிக்கும் இடையே கணக்குப் போட்டால், 'ஏ' ஜெயிக்க சுமார் 49 சதவீத வாய்ப்பு, டிரா ஆக 26, 'பி' ஜெயிக்க 25. யாருக்கும் லாபம் இல்லாத நியாயமான ஆட்ஸ் என்றால் முறையே 2.04, 3.85, 4.00 என்று இருக்க வேண்டும்.

திரையில் அது வராது. 1.85, 3.45, 3.60 என்கிற மாதிரி கொஞ்சம் குறைத்துத்தான் வரும். (இவை விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள், ஒவ்வொரு தளத்திலும் மாறும்.) பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் மூன்றில் எதன்மேல் கட்டினாலும், நீண்ட கணக்கில் 100 ரூபாய்க்கு 90 ரூபாய் சுற்றுவட்டாரத்தில்தான் திரும்ப வரும். மீதி 10 ரூபாய் கம்பெனிக்கு. 'ஏ'வா 'பி'யா என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்கும் இந்த 10 ரூபாய்க்கும் சம்பந்தமே இல்லை.

நான்கு மேட்ச்சைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டினால் பெரிய தொகை வரும் என்று 'காம்போ' காட்டுவார்கள். ஒவ்வொரு மேட்ச்சிலும் 90 சதவீதம்தான் திரும்புகிறது என்றால், நான்கைப் பெருக்கினால் சுமார் 66 சதவீதம். அதாவது 100 ரூபாயில் 34 ரூபாய் கம்பெனி பங்கு. காம்போவைத் தூக்கிப் பிடித்து விளம்பரம் செய்வதற்குக் காரணம் இதுதான்.

நிஜ மேட்ச் பந்தயமும் இதே மாதிரிதானே?

அங்கும் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு.

நிஜ மேட்ச்சில் ஆட்ஸ் போடுபவரும் ஊகம்தான் செய்கிறார். ஸ்ட்ரைக்கருக்கு முழங்காலில் வலி, மழையில் மைதானம் சகதி, கோச்சுக்கும் கேப்டனுக்கும் சண்டை என்று அவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனாலும் அவர் தப்பாக ஆட்ஸ் போட வாய்ப்பு இருக்கிறது.

வர்ச்சுவல் ஃபுட்பாலில் ஊகமே கிடையாது. எந்தச் சதவீதத்தை வைத்து முடிவு உருவாகிறதோ, அதே சதவீதத்தை வைத்துத்தான் ஆட்ஸும் போடப்படுகிறது. கேள்வித்தாள் எழுதியவரும் அவரே, விடை வைத்திருப்பவரும் அவரே. 'ஏ' அணி பலமான அணி என்று நீங்கள் கண்டுபிடித்தால் அது சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் பலத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் 1.85 என்று வைத்திருக்கிறார்கள். அப்புறம் திரையில் ஓடும் 'கடைசி ஐந்து மேட்ச் ஃபார்ம்'? ஒவ்வொரு மேட்ச்சும் புதிய குலுக்கல் என்றால் போன மேட்ச் இந்த மேட்ச்சுக்கு எதையும் சொல்லாது. நாணயத்துக்குப் போன தடவை தலை விழுந்தது ஞாபகம் இருக்காது, இல்லையா?

பாயின்ட்ஸ் டேபிளும் கமென்டரியும் அங்கே இருப்பது, இது ஃபுட்பால் என்று உங்களை நம்பவைக்க மட்டுமே. ஃபுட்பாலே தெரியாதவர் இதைக் குலுக்கல் சீட்டாகப் பார்த்து நகர்ந்துவிடலாம். நன்றாகத் தெரிந்தவர்தான் "நான் கணிச்சிருவேன்" என்று உட்கார்ந்துவிடுவார். ஆஸ்டின் டவுன் மாதிரி ஊரில் இதைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது இதற்காகத்தான்.

மட்காவில் இருந்து ஒரு பாடம்

இது புதுத் தந்திரமும் இல்லை. பம்பாயில் மட்கா தொடங்கியது எப்படி? நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலை, முடிவு விலை மீது ஆட்கள் பந்தயம் கட்டினார்கள். அது நிஜச் சந்தை, நிஜ விலை. 1961இல் அந்த விலை வருவது நின்றுபோனது. பந்தயமும் நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. பானைக்குள் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அந்தப் பானைதான் 'மட்கா'. ஆட்களுக்குத் தேவைப்பட்டது பருத்தி அல்ல, கட்டுவதற்கு ஒரு எண் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

2020இலும் இதேதான் நடந்தது. உலகம் முழுக்க மைதானங்கள் பூட்டப்பட்டன, பந்தயக் கம்பெனிகள் வர்ச்சுவலை முன்னால் தள்ளின. பிரிட்டனில் ரத்தான கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்துக்குப் பதிலாக, ஏப்ரல் 4 அன்று கம்ப்யூட்டர் ஓட்டிய 'வர்ச்சுவல் கிராண்ட் நேஷனல்' தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதில் ஒருவர் கட்டக்கூடிய தொகைக்கு 10 பவுண்ட் உச்சவரம்பு வைத்தார்கள், லாபம் மருத்துவ சேவை நிதிக்குப் போனது. உங்கள் போனில் வரும் லிங்க்கில் இந்த இரண்டுமே இருக்காது.

நம் பக்கமும் நிஜ ஃபுட்பால் தள்ளாடிய நேரம் இது. 2025இல் ஐஎஸ்எல் சீசன் வழக்கமான நேரத்தில் தொடங்கவில்லை. அந்த ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தன் வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆளை வைத்து ஆட்டம் நடத்த சம்பளம், மைதானம், பயணம் எல்லாம் வேண்டும். சர்வரில் ஓடும் மேட்ச்சுக்கு இவை எதுவும் தேவையில்லை.

உண்மையான ஆபத்து: வேகம்

10 சதவீதம் பெரிய நஷ்டமாகத் தோன்றாமல் இருக்கலாம். சினிமா டிக்கெட் வாங்கினால் முழுப் பணமும்தானே போகிறது? நியாயமான கேள்வி. பதில், அந்த 10 சதவீதம் எத்தனை தடவை எடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

வாரம் ஒரு மேட்ச்சுக்கு நண்பர்களுக்குள் 50 ரூபாய் கட்டுபவர் மாதம் சுற்றவிடுவது 200 ரூபாய். மூன்று நிமிட மேட்ச் என்றால் மணிக்கு 20 மேட்ச். ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய் கட்டினால் ஒரு மணி நேரத்தில் 1,000 ரூபாய் சுற்றும், சராசரியாக 100 ரூபாய் போகும். ராத்திரி படுக்கையில் தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 6,000 ரூபாய். பல தளங்களில் ஒரே நேரத்தில் பல மேட்ச் ஓடும், எல்லாவற்றிலும் கட்டலாம். தொகையைக் கூட்டத் தொடங்கினால் பி.ஜி. வாடகை அளவுக்குப் போய்விடும்.

"ஆனா நான் ஜெயிச்சேனே?" ஜெயித்திருப்பீர்கள். அதுவும் கணக்கில் இருக்கிறது. மேலே சொன்ன 'ஏ' அணியின் மேல் 20 தடவை கட்டினால், 100 பேரில் சுமார் 37 பேர் முதல் மணி நேரத்தை லாபத்தோடு முடிப்பார்கள். அவர்கள்தான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடுவார்கள். அதே ஆட்கள் 1,000 தடவை, அதாவது சுமார் 50 மணி நேரம் தொடர்ந்து கட்டினால் லாபத்தில் நிற்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூடத் தேறுவது கடினம். ஸ்க்ரீன்ஷாட் முதல் மணி நேரத்தில் வருகிறது, ஐம்பதாவது மணி நேரத்தை யாரும் போஸ்ட் செய்வதில்லை.

"பேட்டர்ன் இருக்கு", "டபுள் பண்ணினா கண்டிப்பா வரும்"

டெலிகிராமில் அதிகம் விற்கப்படும் இரண்டு 'ட்ரிக்' இவை.

பேட்டர்ன் என்பது, மூன்று தடவை 'ஏ' வந்தால் நான்காவது 'பி' வரும் என்கிற ரகம். குலுக்கலுக்கு அப்படிக் கடன் எதுவும் கிடையாது. பேட்டர்ன் உண்மையிலேயே தெரிந்தவர் அதை 499 ரூபாய்க்கு உங்களுக்கு விற்றுக்கொண்டிருக்க மாட்டார். பல 'டிப்ஸ்டர்'களின் வருமானமே வேறு வழியில் வருகிறது: அவர் லிங்க் வழியாகச் சேர்ந்தவர் இழக்கும் பணத்தில் அவருக்குக் கமிஷன்.

டபுள் செய்வது என்றால், தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு கட்டு, எப்போது ஜெயித்தாலும் பழைய நஷ்டம் திரும்பிவிடும் என்பது. 1.85 ஆட்ஸில் போட்டுப் பாருங்கள். 50, 100, 200 என்று மூன்று தடவை தோற்றால் போனது 350 ரூபாய். நான்காவதாக 400 கட்டி ஜெயித்தால் லாபம் 340. ஜெயித்த பிறகும் உங்களுக்கு 10 ரூபாய் நஷ்டம். மூன்று தடவை வரிசையாகத் தோற்பது அபூர்வமா? 'ஏ' தோற்கவோ டிரா ஆகவோ 51 சதவீத வாய்ப்பு என்றால், வரிசையாக மூன்று தோல்விக்கு சுமார் 13 சதவீதம். மணிக்கு 20 மேட்ச் ஓடும் இடத்தில் அது சீக்கிரமே வந்துவிடும்.

குலுக்கல் நியாயமாகவாவது நடக்கிறதா?

பிரிட்டன் போன்று லைசென்ஸ் முறை உள்ள நாடுகளில் ஆர்என்ஜியைத் தனி லேப் சோதித்துச் சான்று தர வேண்டும். அங்கே கம்பெனி ஏமாற்ற வேண்டிய தேவையும் இல்லை. 10 சதவீதம் தானாக வந்து விழும்போது எதற்கு ஏமாற்ற வேண்டும்?

உங்களுக்கு லிங்க்கில் வரும் தளம் அப்படிப்பட்டதா என்பது வேறு விஷயம். பிரபல பெயரைக் காப்பியடித்த தளம், வாரம் ஒருமுறை மாறும் முகவரி, ஏபிகே ஃபைலாக இறக்க வேண்டிய ஆப் என்றால், அதன் உள்ளே இருப்பது சோதிக்கப்பட்ட ஆர்என்ஜியா என்று கேட்க உங்களுக்கு எந்த அலுவலகமும் இல்லை. பேஜின் அடியில் போட்டிருக்கும் சான்று முத்திரை வெறும் படமாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தன: ஆட்டத்தில் மேலோங்குவது திறமையா, அதிர்ஷ்டமா? 1967இல் ரம்மியையும், 1996இல் சென்னை குதிரைப் பந்தய வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் கோட்டை வைத்துத்தான் ஆன்லைன் கம்பெனிகள் வாதாடின.

கர்நாடகா 2021இல் போலீஸ் சட்டத்தைத் திருத்தி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. கவனிக்க வேண்டியது: பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் எதிராக அரசியலமைப்புக்கு உட்பட்டு சட்டம் கொண்டுவரத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டின் 2022 சட்டத்தை 2023 நவம்பரில் பரிசீலித்த சென்னை உயர் நீதிமன்றம், ரம்மி, போக்கர் இரண்டையும் மட்டும் அதன் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. அதிர்ஷ்ட ஆட்டங்கள் மீதான தடை நிலைத்தது. அந்தச் சட்டத்தில் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வீக்எண்டில் ஓசூர் தாண்டி ஊருக்குப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

வர்ச்சுவல் ஃபுட்பால் இதில் எந்தப் பக்கம்? ஆர்என்ஜி முடிவு செய்யும் ஆட்டத்தில் உங்கள் திறமைக்கு வேலையே இல்லை. ஆகவே பழைய கோட்டின்படி பார்த்தாலும் அது அதிர்ஷ்ட ஆட்டம்தான். தமிழ்நாடு 2003இலும் கர்நாடகா 2007இலும் நிறுத்திய லாட்டரிக்கு அது நெருங்கிய சொந்தம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் அந்தக் கோட்டையே அழித்துவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டம் எதையும் வழங்கக் கூடாது என்கிறது இது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை, 50 லட்சம் ரூபாய் வரை. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் நடத்துபவருக்கும் பொருந்தும். ஆடுபவருக்கு இந்த மத்தியச் சட்டத்தில் தண்டனை இல்லை. ஈ-ஸ்போர்ட்ஸை இது தனியாக அங்கீகரிக்கிறது, அதன்மேல் பந்தயம் கட்டுவதை அல்ல. இந்தச் சட்டத்தை எதிர்த்து கர்நாடகா, டெல்லி, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

உள்ளூர்ப் பெரிய கம்பெனிகள் பண ஆட்டங்களை மூடிவிட்டன. நாட்டுக்கு வெளியே சர்வர் வைத்திருப்பவர்களுக்குக் கதவைச் சாத்துவது அவ்வளவு சுலபம் இல்லை.

தண்டனை இல்லை என்றால் எனக்கு என்ன பிரச்சினை?

பணம் போகும் வழிதான் பிரச்சினை. இப்படிப்பட்ட தளங்கள் நேராக வங்கிக் கணக்கு வைத்துப் பணம் வாங்க முடியாது. அதனால் யார் பெயரிலோ திறந்த வாடகைக் கணக்குகள் வழியாக யுபிஐயில் வாங்குகின்றன. ஜெயித்த பணமும் அப்படி ஒரு கணக்கிலிருந்துதான் வரும். அந்தக் கணக்கு வேறு ஒரு மோசடியில் சிக்கியிருந்தால், பணம் போன தடத்தைத் துரத்தும் போலீஸ் உங்கள் கணக்கையும் முடக்கச் சொல்லலாம். சம்பளம் வரும் கணக்காக இருந்தால்? எந்த மாநில சைபர் போலீஸ் என்று தேடி, மெயில் போட்டு, ஆவணம் காட்டி மீட்பதற்குள் வாடகை தேதியும் இஎம்ஐ தேதியும் கடந்துவிடும்.

உங்கள் கணக்கை மாதம் சில ஆயிரத்துக்கு வாடகைக்குக் கேட்டு யாராவது வந்தால், நண்பராகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள். அது ஆடுவதைவிடப் பெரிய சிக்கல். பண ஆட்டத்துக்குப் பணப் பரிமாற்றம் செய்துகொடுப்பதை 2025 சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

ஜெயித்தாலும் வரி உண்டு. ஆன்லைன் ஆட்ட வருமானத்துக்கு 30 சதவீதம். பந்தயத்தில் போன பணத்தை உங்கள் சம்பள வருமானத்திலிருந்து கழித்துக் காட்டவும் முடியாது.

நண்பர் ஒருவர் சிக்கியிருப்பது போலத் தெரிந்தால்?

சில அடையாளங்கள்: சம்பளம் வந்த மூன்றாம் நாளே கடன் கேட்பது, போனில் புதிதாக லோன் ஆப்கள், மேட்ச் எதுவும் இல்லாத நடுராத்திரியில் "மேட்ச் பாக்கறேன்" என்பது, போன பணத்தை எடுத்துவிட்டு நிறுத்துகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்வது.

"உனக்கு அறிவில்லையா?" என்று தொடங்காதீர்கள். அவர் அறிவை நம்பித்தான் உள்ளே போனார். மேலே இருக்கும் 1.85 கணக்கை ஒரு பேப்பரில் போட்டுக் காட்டுவது அதைவிட உதவும். வங்கி ஆப்பில் யுபிஐ தினசரி வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கில் யுபிஐ இல்லாமல், செலவுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நஷ்டத்தை மொத்தமாக அடைக்கக் கைமாற்று கொடுத்தால் அது பெரும்பாலும் அடுத்த மேட்ச்சுக்குப் போய்விடும். வாடகையையோ இஎம்ஐயையோ நீங்களே நேராகக் கட்டிவிடுவது பாதுகாப்பு.

பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் 'ஷட்' என்ற கிளினிக்கை நடத்துகிறது. போன், ஆன்லைன் ஆட்டங்களில் கட்டுப்பாடு இழந்தவர்களுக்கானது. ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். பணமே மோசடியாகப் பறிபோயிருந்தால் 1930 எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் மீட்க முடியும்.

அடுத்த தடவை அந்த லிங்க் வந்தால் இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த மேட்ச்சை ஆடுவது யார்? இன்று ராத்திரிக்குள் இது எத்தனை தடவை ஓடும்? முதல் கேள்விக்கு 'யாரும் இல்லை' என்று பதில் வந்தால், உங்கள் ஃபுட்பால் அறிவுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாவதற்கு வரும் எண்ணை, ஒரு மேட்ச்சுக்கு நீங்கள் கட்ட நினைக்கும் தொகையால் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கு எடுங்கள். இந்த ராத்திரிக்கு நீங்கள் கொடுக்கப்போகும் கட்டணம் அதுதான்.